ரிவர்ட்

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
ஆறாம் எண் போர்ட்டகேபின்.
ஏசி ஒழுகும் தண்ணீரைப் பெயின்ட் வாளியில் பிடிக்கிறோம்.
வரைபடங்களுக்கு எண் போடுவது என் வேலை.
ரெவ் ஏ, ரெவ் பி, ரெவ் சி.
குறிப்புகளோடு ஒப்புதல் என்றால் இரண்டு,
திருத்தி மறுபடி அனுப்பு என்றால் மூன்று.
மூன்றாம் எண் முத்திரைதான் சீக்கிரம் தேய்கிறது.

சாரம் கட்டும் கொளஞ்சி
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.
பத்தொன்பது மாசம் ஆச்சு மேடம், லீவு கேக்கணும்.
ரெண்டு தடவ எழுதிக் குடுத்தும் சத்தமே இல்ல.
நீங்க இங்கிலீஷ்ல போடுங்க,
அதுலதான் அவருக்குக் காது கேக்குது.

போட்டேன்.
எல்லோரும் முடிப்பது போலவே முடித்தேன்:
கைண்ட்லி ரிவர்ட்.
பதினோரு வருடமாக அப்படித்தான்.
அம்பத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கற்றது,
என்னோடு விமானம் ஏறி வந்தது.
மும்பைக்காரரும் மணிலாக்காரியும்
எனக்கு அப்படியே எழுதுகிறார்கள்.
அதைப் படித்துவிட்டு
யாரும் இதுவரை எங்கேயும் திரும்பிப் போனதில்லை,
பதில்தான் போட்டிருக்கிறார்கள்.

நாற்பதே நிமிடம். கார்மைக்கேலின் மெயில்.
அபர்டீன்காரர்,
ஒரு கமாவுக்காகக் கான்கிரீட் லாரியை
வாசலில் நிறுத்தி வைத்தவர்.
"ரிவர்ட் என்றால் பதிலளிப்பது அல்ல.
முன்பிருந்த நிலைக்குத் திரும்பிப் போவது.
ரிப்ளை என்று எழுதவும். அன்புடன்."
லீவைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

ஜன்னலுக்கு வெளியே கொளஞ்சி.
என்ன மேடம் சொல்றாரு?
திரையைப் பார்த்தபடியே, யோசிக்காமல்,
தமிழில் வாசித்துவிட்டேன்:
முன்பிருந்த நிலைக்குத் திரும்பிப் போவது.
போகச் சொல்லிட்டாரா!
படி இறங்கும்போதே போனைக் காதில் வைத்துவிட்டான்.
அவனைப் பிடித்து நிறுத்துவதற்குள்
என் செருப்பின் வார் அறுந்தது.

இல்லப்பா. அது அந்த வார்த்தைக்கு அர்த்தம்.
உனக்கு இன்னும் பதில் வரல.
கொளஞ்சி போனை அணைத்தான்.
என் பேரை விட்டுட்டு
வார்த்தைக்கு மட்டும் பதில் போட்டாரா?
கோபமாகக் கேட்கவில்லை.
ஸ்பானர் சைஸ் கேட்பது போலத்தான் கேட்டான்.

ராத்திரி அகராதி பார்த்தேன்.
குத்தகை முடிந்த நிலம் உடையவனிடம் ரிவர்ட் ஆகிறது.
விட்ட சிகரெட்டுக்கு மனிதன் ரிவர்ட் ஆகிறான்.
எங்கள் ஸ்டோர்கீப்பர் ரோமெல்
ரஹீம் ஆனபோது அந்தச் சொல்லைத்தான் சொன்னார்,
மாறவில்லை, திரும்பினேன் என்று.
அன்று பேரீச்சம்பழம்கூடக் கொடுத்தார்.
கார்மைக்கேல் சொன்னது சரிதான்.
சரியாக இருப்பது
அவருக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

காலையில் இரண்டாம் மெயில். ரெவ் பி.
தயவுசெய்து ரிப்ளை செய்யவும்.
கொளஞ்சி ரிவர்ட் ஆக விரும்புகிறார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டது:
"ஊருக்குப் போகிறவர் ரிவர்ட் ஆவதில்லை,
ரிட்டர்ன் ஆகிறார்.
மற்றபடி நல்ல வாக்கியம்.
இருபத்தொரு நாள். படிவம் இணைப்பில்."

படிவத்தின் அடியில் ஒரு கட்டம்: ரிட்டர்ன் தேதி.
கொளஞ்சி அதில்
விருத்தாசலத்தில் இறங்கும் நாளை எழுதியிருக்கிறான்,
பஸ் வந்து சேரும் நேரத்தோடு.
நாலு ஐம்பது, விடியற்காலை.

ஒயிட்னரை எடுத்துக் குலுக்குகிறேன்.
உள்ளே குண்டு உருள்கிறது.
இந்தக் காகிதத்தில் ரிட்டர்ன் என்றால்
இங்கே வருவது.
அவன் சாரத்தின் நான்காம் தட்டில் இருக்கிறான்,
கிளாம்ப் ஒன்றை முடுக்கிக்கொண்டு.
கீழே நின்று கூப்பிட்டால்
கேட்கிற தூரம்தான்.